காரணம் எழுதும் கட்டம்

பதிவேட்டு எழுத்தரைக் காவல்துறை அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அவள் எழுதும் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஒருவர் யாரிடம் பேசினார், எத்தனை மணிக்கு, எந்தக் கைபேசிக் கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்து என்ற விவரத்தைத் தொலைபேசி நிறுவனத்திடம் காவல்துறை கேட்டு வாங்கினால், அது அந்தப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். தேதி, எண், கேட்டவர், அனுமதித்தவர், காரணம். வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து மேற்பார்வை அதிகாரி ஒருவர் வந்து புரட்டிப் பார்த்து, குறை ஏதுமில்லை என்று எழுதிவிட்டு டீ குடித்துப் போவார்.

சட்டம் நல்ல சட்டம்தான். அதற்கு வாய்த்த ஆட்கள்தான் சரியில்லை. அனுமதி தர வேண்டிய பெரிய அதிகாரி திங்கட்கிழமை காலையில் ஐம்பது வெற்றுப் படிவங்களில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார். மாடியில் இருக்கும் விசாரணைப் பிரிவுக்காரர்கள் வேண்டும்போது ஒன்றை உருவி, எண்ணை நிரப்பி, விவரத்தை வாங்கிக்கொள்வார்கள். காரணம் எழுதும் கட்டத்தை மட்டும் ஒருவரும் தொடுவதில்லை.

மாதக் கடைசியில் அத்தனையும் அக்காவின் மேசைக்கு வரும். அவள் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போகிறவள் அல்ல. மேலிருந்து கீழே முதலில் தேதிகளை எழுதுவாள். பிறகு எண்கள், தப்பு வராமலிருக்க இரண்டிரண்டு இலக்கமாக. கடைசியில் காரணம்: ‘காணாமல் போனவரைத் தேட.’ அதற்குத்தான் யாரும் மேற்கொண்டு காகிதம் கேட்க மாட்டார்கள். அவள் பதிவேட்டை நம்பினால் ஊரில் பாதிப் பேர் காணாமல் போயிருந்தார்கள். அக்கா பேனாவைத் திறந்தால் ஆள் மாயம் என்று மாடிக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்த வருடம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. தங்கை அவளிடம் பேசி நாற்பது நாளாகிறது. தங்கையின் கணவனும் மாடியில்தான் வேலை பார்க்கிறான். வீட்டில் கை நீட்டுகிறவன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊரில் அறை எடுத்துப் புது எண்ணும் வாங்கினாள். விலாசம் அக்காவுக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்குக்கூட எண் மட்டும்தான். மூன்றாவது மாதம் அவன் அந்த அறை வாசலில் போய் நின்றான். தங்கையின் மணிக்கட்டு முறிந்தது. அவள் கட்டிய கையோடு மறுபடி இடம் மாறினாள். உன்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று அக்காவிடம் கேட்டுவிட்டுப் போனை வைத்ததுதான் கடைசிப் பேச்சு. தான் வாயே திறக்கவில்லை என்று அக்கா செய்யாத சத்தியமில்லை.

இந்த முறை வந்த மேற்பார்வை அதிகாரி டீயை ஆறவிட்டார். பக்கத்துக்கு ஒரு வரியாக விரல் வைத்து, காணாமல் போனவர் கிடைத்தாரா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா வழக்கம்போல் விசாரணையில் இருக்கிறது என்று சொல்லிவந்தாள். எதிர் நாற்காலியில் பெரிய அதிகாரி தலையாட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு எண்ணை மேற்பார்வை அதிகாரி ஒரே மூச்சில் வாசித்தார்.

அது அம்மாவின் எண். இருபது வருடமாக மாறாத எண். அக்கா குனிந்து பார்த்தாள். இரண்டு வரி கீழே தங்கையின் புது எண். கேட்டவர் கட்டத்தில் இரண்டுக்கும் தங்கை கணவனின் பெயர். அம்மாவின் எண்ணிலிருந்து தங்கையின் எண்ணையும், அதிலிருந்து அவள் இருந்த கோபுரத்தையும் பிடித்திருக்கிறான். எல்லாம் அவளுடைய முத்து முத்தான கையெழுத்து. விசாரணையில் இருக்கிறது என்று இன்னொரு முறை சொன்னால் போதும், பக்கம் புரண்டுவிடும்.

“யாரும் காணாமப் போகல சார்,” என்றாள். “இது எங்கம்மா நம்பர். கீழ இருக்கறது என் தங்கச்சியோடது. காரணத்த நான்தான் எழுதினேன். எல்லா வரிக்கும் நான்தான் எழுதினேன்.”

பெரிய அதிகாரியின் தலையாட்டல் நின்றது. மேற்பார்வை அதிகாரி நிதானமாகக் குறிப்பெடுத்தார். அறிக்கை போகும், விளக்கம் கேட்பார்கள் என்றார். விளக்கம் யாரிடம் கேட்பார்கள் என்று அவள் கேட்டதற்கு, அனுமதித்தவரிடம்தான் என்று பெரிய அதிகாரியைக் காட்டினார்.

மதியம் பேருந்து நிறுத்தத்தில் நின்று தங்கையை அழைத்தாள். நான்காவது முறை எடுத்தாள். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. வெற்றுப் படிவத்தையும் சொன்னாள், இரண்டிரண்டு இலக்கமாக எழுதியதையும் சொன்னாள். தங்கை கடைசிவரை கேட்டாள்.

“நீயே அவன்கிட்டச் சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்கா. மிரட்டினான், நீ பயந்து சொல்லிட்டன்னு நினைச்சிருப்பேன்.”

“உன் நம்பர்னு தெரிஞ்சா எழுதியிருப்பேனாடி?”

“வேற யார் நம்பராவது இருந்தா எழுதியிருப்ப, இல்ல?”

நிறுத்தத்துக்கு வந்த பேருந்தை அக்கா விட்டுவிட்டாள்.

“இந்த நம்பர இன்னைக்கே தூக்கிப் போட்டுடறேன். புதுசு அம்மாவுக்கும் தர மாட்டேன். அம்மாகிட்டப் பேசினா உன் புஸ்தகத்துக்கு வந்துடும்.”

தொடர்பு அறுந்தது. சற்றைக்கெல்லாம் அம்மா அழைத்தாள். தங்கை இன்று இன்னும் பேசவில்லையே, உனக்காவது பேசினாளா என்று கேட்டாள்.