பதினோரு வருடத்துக்கு ஒருமுறை

ஆற்றின் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் அவள் புள்ளியியலாளர். பழைய பதிவேடுகளை அலசி, எந்தத் தெருவுக்கு வெள்ளம் வரலாம் என்று சொல்வது வேலை. ஆற்றோரத் தெருவுக்கு நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் ஆபத்து என்று ஒரு காலத்தில் அவளே அறிக்கை எழுதியிருந்தாள். அதை நம்பித்தான் அண்ணன் அங்கே வீடு கட்டினான்.

அன்று காலை, கடைசி இருபது வருடப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டாள். பதினோரு வருடத்துக்கு ஒருமுறை என்று வந்தது.

எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். சமீப வருடங்களில் ஆற்றோரம் புதிய அளவுக் கருவிகள் பொருத்தியிருந்தார்கள்; கருவிகள் கூடினால் கண்ணில் படும் வெள்ளமும் கூடத்தானே செய்யும்? புதிய கருவிகளின் பதிவுகளை எல்லாம் நீக்கினாள். பாலத்தடியில் எண்பது வருடமாக நிற்கும் அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தாள். அதே பதினொன்று. வெளியே மூன்றாவது நாளாக மழை.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, அப்பாவைக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடு. வெள்ளம் வரலாம்."

"நூறு வருஷம்னு நீதானே சொன்ன? வீடு கட்டி ஆறு வருஷம்தான் ஆச்சு. இன்னும் தொண்ணூத்தி நாலு பாக்கி இருக்கு," என்று சிரித்தான்.

"அப்படி இல்லண்ணா. ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்புன்னு அர்த்தம். இப்ப அது ஒன்பது பங்கு ஆயிடுச்சு."

"இன்னிக்கே வருமா?"

"தெரியாது."

"தெரியாம எதுக்கு வயித்துல புளியக் கரைக்கிற?"

அண்ணி போனைப் பிடுங்கினாள். "அவர் கெடக்காரு. ஆத்துல இப்ப எவ்வளவு?"

"காலையில இருந்ததைவிட ரெண்டடி கூட, அண்ணி."

"உன் குரலே நடுங்குது. நான் மாமாவைக் கெளப்புறேன்."

நடக்க முடியாத அப்பாவை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தான். அவர்கள் வந்து சேர்ந்தபோது அவளும் வீட்டுக்கு ஓடி வந்திருந்தாள்.

மூன்று மணிக்கு அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தார். "உங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் தண்ணி. நாங்க மொட்டை மாடியில நிக்கிறோம். உங்களுக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?"

அண்ணன் அவளைப் பார்த்தான்.

நாற்பது வீடு உள்ள தெருவில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அவள் சொல்லியிருந்தாள். அதே ஆற்றோரம் இன்னும் பதினான்கு தெருக்கள். மேலதிகாரியை அழைக்கும்போது இரண்டு முறை தவறான எண்ணை அழுத்திவிட்டாள். மூன்றாம் முறை கிடைத்தது. ஆட்களை வெளியேற்ற வேண்டிய தெருக்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

எட்டுத் தெருக்களில் தண்ணீர் வரும் முன்பே ஆட்கள் வெளியேறினார்கள். மற்றவர்களைப் படகுகள் இருட்டுவதற்குள் மீட்டுவிட்டன. யாரும் சாகவில்லை என்ற செய்தி வந்த பிறகும், அண்ணியின் கையை அவள் விடவே இல்லை.