பழைய வாசலில் ஒரு சுட்டி

பொதிக்காரர் வீடு மாறிய மறுநாளிலிருந்து, அவரைத் தேடிப் பழைய வீட்டு வாசலில் நுழைந்தவர்கள் எல்லோரும் நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த புது வீட்டின் சமையலறையில் வந்து நின்றார்கள். முதலில் வந்த தபால்காரர், பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனார். பழைய வீட்டுக்குக் குடிவந்த தையல்காரருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவரைத் தேடியவர்கள் அவரிடமே போனார்கள்.

இதில் வாய்பிளக்க என்ன இருக்கிறது? மனிதரின் பிழைப்பே அதுதானே. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் கட்டற்ற இயங்குதளம் ஒன்றுக்கு மென்பொருள்களைப் பொதி கட்டிக் கொடுப்பவர் அவர். ஒரு கோப்பின் இடத்தை மாற்றினால், பழைய இடத்தில் புது இடத்தைக் காட்டும் சுட்டி ஒன்றை விட்டுவைப்பார். பழைய இடத்தில் தேடும் நிரல்கள் தடுமாறாமல் ஓடும். இயங்குதளத்தின் புதுப் பதிப்பு இரண்டு வெளியான பிறகு சுட்டியை நீக்கலாம் என்பது விதி. ஒருமுறை, யாரும் எதுவும் கேட்கவில்லையே என்று நம்பி நீக்கினார். எங்கோ ஒரு தீவில் மழை அளக்கும் கணினி மூன்று மாதம் வாயடைத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் லேசில் நீக்குவதில்லை.

ஆனால் சமையலறை மனைவியுடையதாயிற்றே. "இந்தக் கூத்து இன்னும் எத்தன நாளைக்குங்க? எல்லாருக்கும் புது விலாசம் கொடுத்தாச்சுல்ல?" என்றார்.

"அக்காவுக்குக் கொடுக்கலையே."

ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர் அந்த அக்கா. எங்கிருக்கிறார் என்றே தெரியாது. அவருக்குத் தெரிந்தது பழைய வாசல் ஒன்றுதான்.

ஆறாம் வருடம் பழைய வீட்டை இடித்தார்கள். பொதிக்காரர் ஓடிப்போய், கதவையும் நிலையையும் மட்டுமாவது விட்டுவைக்கும்படி மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சிக் கூத்தாடினார். மேஸ்திரி நம்பாமல் உள்ளே போய், பொதிக்காரர் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "இருந்துட்டுப் போகுது சார், ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன்." அந்த மனை வண்டி நிறுத்துமிடமாயிற்று. நடுவில் கதவு நின்றது. அடுத்த ஐந்து வருடம் காற்றுகூட அதைத் தட்டவில்லை.

பதினோராம் வருடம் ஒரு காலையில், மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, பெட்டியும் நரைத்த தலையுமாக அக்கா வந்து நின்றார். வீடில்லாமல் கதவு மட்டும் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாராம். பிறகு எப்போதும்போல் தட்டாமலே நுழைந்துவிட்டாராம்.

"வீடு மாத்தினா ஒரு வார்த்த சொல்ல மாட்டியாடா?" என்று தம்பியை ஓர் அதட்டு அதட்டினார். பொதிக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். வெங்காயம் என்று சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா மாடி அறையில் தங்கிவிட்டார். இனி கதவை எடுத்துவிடலாம் என்று பொதிக்காரரே ஒரு நாள் சொன்னார்.

"சும்மா இருங்க. இன்னும் யார் யார் வரணுமோ," என்ற மனைவி, வண்டிகளுக்கு நடுவே புகுந்துபோய்க் கீல்களுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, அந்தக் கதவு வழியாகவே வீட்டுக்கு வந்தார்.