லொரெட்டா எண்ணிய மூன்று நாள்

1

இந்தக் கதை கலைத் தாகத்தில் பிறந்ததல்ல. கிரெய்க் சொன்னதால் பிறந்தது. அமெரிக்காவில், டொலிடோ நகரில் ஒரு சமுதாயக் கல்லூரியின் விளம்பரப் பிரிவில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். கிரெய்க் என் மேலதிகாரி.

"சட்ட உதவியாளர் படிப்புக்கு ஆளே சேரல. படிச்சு முன்னேறின யாரையாவது பிடிச்சு ஒரு பக்கம் எழுதுங்க. ரெண்டாவது பத்தியில சம்பளம் வந்துடணும்."

பிடித்தேன். லொரெட்டா நோவிட்ஸ்கி, வயது நாற்பத்தாறு. (பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். கிரெய்க் மட்டும் கிரெய்க்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.)

2

முதல் தொடக்கம்: "சிறு வயது முதலே நீதியின் மீது தீராப் பற்றுக் கொண்ட லொரெட்டா—"

அவரிடமே படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"நீதியாவது ஒண்ணாவது! பதினேழு வருஷம் சூப்பர்மார்க்கெட்ல நின்னுக்கிட்டே கோழி பொரிச்சேன். குதிகால் போச்சு. உக்காந்து பாக்கற வேலை வேணும்னு தேடினேன். பல் டாக்டருக்கு உதவியாளாப் போனா அங்கயும் நிக்கணும். இதுல நாற்காலி உண்டுன்னாங்க, சேந்துட்டேன்."

(நாற்காலியை விளம்பரத்தில் போடலாமா என்று கிரெய்க்கிடம் கேட்டேன். கூடாதாம்.)

இரண்டாம் தொடக்கம்: "கணவர் டுவேன் தூணாக நின்று ஊக்கம் அளித்ததால்—"

டுவேன் லாரிகளுக்கு டயர் மாற்றுகிறவர். அவர் தூணாக நின்றது உண்மை. சமையலறை வாசலில், வழியை மறித்துக்கொண்டு.

"ஒன்பதாயிரம் டாலரு! அந்தக் காசுக்கு ஒரு படகு வாங்கலாம்டி."

"உனக்கு நீச்சலே தெரியாது."

"படகுல போறவன் எதுக்கு நீந்தணும்?"

"அதேதான். வக்கீலாகாமலே நான் வக்கீல் ஆபீஸ்ல உக்காரப் போறேன். நகரு."

இரண்டு வருடம் மாலை வகுப்பு. தேறினார். மணிக்குப் பதினாலே கால் டாலர் வாங்கியவர் இருபத்தொரு டாலருக்கு வேலையில் சேர்ந்தார். கிரெய்க்குக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. விளம்பரம் இத்துடன் முடிந்து அச்சுக்கும் போய்விட்டது. எனக்குத்தான் முடியவில்லை.

3

வக்கீல் ஹென்ஷாவின் கட்சிக்காரர்கள் எல்லோரும் வீட்டு உரிமையாளர்கள். வாடகை பாக்கி வைத்தவர்களைக் காலி செய்ய வைப்பதே அலுவலகத்தின் பிழைப்பு. மூன்றாம் மாதம் லொரெட்டாவின் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது.

"ஒருத்தின்னு வெச்சுக்குங்க. பேரு கேக்காதீங்க" என்றார் என்னிடம். மார்வா என்று நானே வைத்துக்கொண்டேன்.

அந்த சூப்பர்மார்க்கெட்டில் கோழி பொரிக்கும் இடத்தில் பதினோரு வருடம் லொரெட்டாவின் பக்கத்தில் நின்றவர் மார்வா. லொரெட்டாவுக்குக் கருப்பை எடுத்தபோது, வேலை பறிபோகாமல் ஆறு வாரம் அவருடைய முறையையும் சேர்த்துப் பார்த்தவர்.

(தெரிந்தவளின் கோப்பே மேசைக்கு வருவது கதாசிரியனின் தில்லுமுல்லு போல இல்லையா? கேட்டேன். "நீங்க வேற! எங்க பேட்டையில வாடகை கட்ட முடியாம தவிக்கிறவங்கள்ல பாதிப் பேரு எனக்குத் தெரிஞ்சவங்கதான்." சந்தேகத்தை வாபஸ் வாங்கினேன்.)

கோப்பைப் புரட்டினார். மூன்று நாளில் காலி செய்யச் சொல்லி வியாழக்கிழமை கதவில் நோட்டீஸ். திங்கட்கிழமையே வழக்கு. நோட்டீஸ் கொடுத்த நாளும் சனி ஞாயிறும் கணக்கில் சேராது என்பது வகுப்பில் படித்த பாடம். வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. புதன்கிழமைக்கு முன் வழக்குப் போட்டிருக்கக் கூடாது. காலண்டரை வைத்து மறுபடி எண்ணினார். ஹென்ஷாவிடம் போனார்.

"சார், இது ரெண்டு நாள் முன்னாடியே போட்ட வழக்கு. நீதிபதி எண்ணிப் பாத்தா தள்ளிடுவாரு."

"எண்ணிப் பாத்தாத்தானே? அந்தம்மா கோர்ட்டுக்கே வராது. யாரும் வர்றதில்ல. போய் வேலையப் பாருங்க."

மார்வாவுக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. ஆனால் கட்சிக்காரர் கோப்பில் உள்ளதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். வக்கீலல்லாதவர் சட்ட யோசனை சொல்வதும் குற்றம். லொரெட்டா போனை எடுத்து—

இல்லை. எடுக்கவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்; மூன்றிலும் எடுக்க மறுத்துவிட்டார். கணினியில் அரைப் பக்கம் தட்டினார். தேதிகள், விதி, 'இன்று காலை 10.40க்குத் தங்களிடம் நேரில் தெரிவித்தேன்' என்ற ஒரு வரி. கோப்பில் ஒரு பிரதி, ஹென்ஷாவின் மேசையில் ஒரு பிரதி.

ஹென்ஷாவின் முகம் பீட்ரூட் ஆனது. "இதை எதுக்கு எழுத்துல குடுத்தீங்க?"

"எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க சார்."

இனி ஹென்ஷா தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வழக்கை வாபஸ் வாங்கி, புது நோட்டீஸ் ஒட்டினார்கள். மார்வாவுக்கு இருபத்தாறு நாள் கூடுதலாகக் கிடைத்தது. அதற்குள் சின்னதாக ஒரு வீடு பார்த்துத் தானே குடிபெயர்ந்தார். வெளியேற்றத் தீர்ப்பு எதுவும் அவர் பேரில் ஏறவில்லை; ஏறியிருந்தால் அடுத்த வீடு கிடைப்பதே கஷ்டம்.

4

இங்கே நிறுத்தியிருந்தால் எனக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

ஹென்ஷா லொரெட்டாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒன்றரை டாலர் கூட்டிக் கொடுத்தார். "இனிமே எல்லாக் கோப்பும் உங்க கண்ணுல பட்டுத்தான் போகணும்." அதுவரை அவருடைய சோம்பேறித்தனத்தால் வழக்கு தள்ளுபடியாகி ஏதோ சிலருக்காவது அவகாசம் கிடைத்துவந்தது. இப்போது ஒரு கோப்பிலும் நாள் தப்புவதில்லை.

"நான் ஒழுங்கா வேலை பாக்கப் பாக்க ஜனம் சீக்கிரமா வெளிய போகுது" என்றார் லொரெட்டா. அப்படிச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

5

தவக்கால வெள்ளி, இறைச்சி கூடாத நாள். மாதா கோயில் மண்டபத்தில் பொரித்த மீன் விருந்து. வரிசையில் லொரெட்டா; அவருக்குப் பின்னால் நான். முன்னால் நின்ற பெண் திரும்பினார்.

"என்னடி லொரெட்டா, சட்டமெல்லாம் சௌக்கியமா?"

"இருக்கு. நீ எப்படி இருக்க?"

"இருக்கேன். நோட்டீஸ்ல உன் ஆபீஸ் பேரைப் பாத்தேன். ஒரு தடவை ஒட்டினது பத்தாதுன்னு மறுபடியும் வந்து ஒட்டினீங்களே! படிச்சவங்க படிச்சவங்கதான்."

அவர்தான் மார்வா என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். லொரெட்டா விருந்துக்கான காசை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

முடிவு அ: அந்த இருபத்தாறு நாள் யாரால் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறார். தோழி கிடைக்கிறாள், நாற்காலி போகிறது.

முடிவு ஆ: சொல்லவில்லை. மணிக்கு இருபத்திரண்டரை டாலர்.

முடிவு இ: பின்னால் நிற்பவன் சொல்கிறான். அவனைக் கட்டிப்போட எந்த விதியும் இல்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். எழுதுகிறவன் புத்தி.

வாசகரே, உங்களையும் எந்த விதியும் தடுக்கவில்லை. மார்வா தட்டை வாங்கிவிட்டார். இன்னும் உட்கார இடம் தேடுகிறார். அதற்குள் லொரெட்டாவும் வாங்கிக்கொண்டு ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டார். லொரெட்டாவின் எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. சொல்வதானால் இப்போதே சொல்லிவிடுங்கள்.