சேர்த்து மாட்டுங்க

நிழலுக்காக அடித்துக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர். வெயிலுக்காக அடித்துக்கொண்டவனைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் பட்டாசுவை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். லாரி மெக்கானிக். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு, அது ரேஷன் கார்டோடு சரி. திரி கிள்ளிப் போட்ட மாதிரி சட்டென்று வெடிப்பவனுக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்?

மூன்று வீட்டுக்காரர்களோடு சண்டை போட்டு மூன்று வீட்டையும் காலி செய்தவன், நான்காவதாக வீடே வேண்டாம் என்று பழைய வேன் ஒன்றை வாங்கினான். உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. மூடிக்கிடந்த பெயின்ட் ஆலைக்குப் பின்னால், சிமென்ட் போட்ட திடலில் கொண்டுபோய் நிறுத்தினான். கிளட்ச் பார்க்கிறேன் என்று இன்ஜினை இறக்கினான். இறக்கி எட்டு மாதம் ஆயிற்று. ஊரான் வண்டியெல்லாம் அவன் கைபட்டு ஓடும், சொந்த வண்டி மட்டும் செங்கல் மேல் நிற்கும்.

அந்த வேனில் அவன் உயிர் இருந்தது. மிகையாகச் சொல்லவில்லை. அவன் மனைவி பதினாறு வருஷம் பஞ்சாலையில் பஞ்சைத் தின்று, நுரையீரலைத் தொலைத்துவிட்டு வந்தவள். ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவளுக்கு மூச்சு. மெஷின் ஓடப் பெட்டி வேண்டும். பெட்டி என்றால் சூட்கேஸ் அளவில் ஒரு பேட்டரிப் பெட்டி. கூரை மேல் கிடக்கும் சோலார் பேனல் பகலெல்லாம் பெட்டிக்கு ஊட்டும், பெட்டி ராப்பகலாக மெஷினுக்கு ஊட்டும். மெஷின் நின்றால், அசையாமல் உட்கார்ந்து அரை மணி தாங்குவாள். அதற்கு மேல் உதடு நீலம் பாரிக்கும்.

"பொண்டாட்டிக்குச் சோறு போடுறவனப் பாத்திருக்கேன். வெயில் போடுறவன இப்பத்தான் பாக்குறேன்" என்று அவள் கேலி செய்வாள். பேசுவது அவளுக்குச் செலவு. ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு. ஆனாலும் கேலிக்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டமாட்டாள்.

திடலில் இன்னொரு வேன் இருந்தது. உயரமான வெள்ளை வேன். அதில் ரேடியோக்காரர் இருந்தார். பழைய ரேடியோ, மிக்ஸி, டிவி எது கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் ஒண்டிக்கட்டை. மூக்குக்கண்ணாடி, மெலிந்த விரல்கள், யாரிடமும் ஏறிப்பேசாத குரல். மதியம் மூன்று மணிக்கு அந்த வேனின் நிழல் பட்டாசுவின் பேனல் மேல் விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாசு நேராகப் போனான். "யோவ், வண்டிய எடுய்யா. என் வெயில மறைக்கிற" என்றான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "உன் வெயிலா?" என்று தெரியாமல் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அவன் வெள்ளை வேனின் பக்கக் கண்ணாடியை ஒரே இழுப்பில் பிடுங்கிச் சிமென்டில் அடித்தான். அவர் சட்டையைப் பிடித்து வேனோடு வைத்து அழுத்தினான். "அவ மூச்சுய்யா அது! மூச்சு!" என்று கத்தினான்.

வேறு ஆளாக இருந்தால் போலீசுக்குப் போயிருப்பான். அவர் வண்டியை எடுத்துப் பத்தடி பின்னால் நிறுத்தினார். மறுநாள் அதிகாலையில் தன்னிடம் சும்மா கிடந்த பேனல் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்.

"ஒன்னு பத்தாது தம்பி. இதையும் வச்சுக்கோங்க. ரெண்டையும் சேத்து மாட்டுங்க. ஒன்னுல நிழல் விழுந்தாலும் இன்னொன்னு குடுக்கும்."

பட்டாசுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வராத ஜென்மம். "சரி, சரி, வைய்யா" என்று மட்டும் சொன்னான். அவர் போனதும் மனைவி, "நல்ல மனுசன். உன் மூஞ்சிக்கு இது அதிகம்" என்றாள்.

இந்த இடத்தில்தான் விதி வந்து உட்கார்ந்தது. லாரிப் பட்டறையில் இரண்டு பேட்டரியைச் சேர்த்து மாட்டு என்றால், ஒன்றின் சிவப்பு வயரை அடுத்ததன் கறுப்பு வயரோடு இணைப்பது. பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு வோல்ட், லாரி கிளம்பும். இருபது வருஷமாக அவன் கைக்குத் தெரிந்த சேர்ப்பு அதுதான். ரேடியோக்காரர் சொன்ன சேர்ப்பு வேறு. சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. கரண்ட் கூடும், வோல்ட் கூடாது. பேனல் ஒவ்வொன்றும் இருபது வோல்ட், லாரிச் சேர்ப்பில் மாட்டினால் நாற்பது. பெட்டியின் முதுகில் முப்பது வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதே என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. எறும்பு எழுத்தை எந்த மெக்கானிக் படித்தான்?

பட்டாசு கூரையில் ஏறினான். சிவப்பைக் கறுப்போடு முறுக்கி டேப் சுற்றினான். இரண்டு பேனல் மேலும் கனத்த போர்வையைப் போட்டு, அதன் நுனிக் கயிற்றை ஜன்னல் வழியாகக் கட்டிலுக்கு விட்டான். "வயரு இப்பத்தான் மாட்டிருக்கேன், டேப் நல்லா ஒட்டட்டும். ஆலைச் செவுத்துக்கு மேல வெயில் வந்ததும் கயித்த இழு. இனிமே உனக்கு ராஜ வாழ்க்கை" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தான். பட்டறை இருபது நிமிஷத் தூரம்.

பத்து மணிக்கு அவள் கயிற்றை இழுத்தாள்.

அவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தபோது போன் அடித்தது. மனைவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல் இருந்தது. "பெட்டி... டப்புனு... புகை... மெஷின் நின்னுபோச்சு..." அப்புறம் மூச்சிரைப்பு மட்டும்.

போனை வைத்த கை வீல் ஸ்பேனரை எடுத்தது. பைக்கில் வருகிற வழியெல்லாம் அவன் மண்டைக்குள் ஒரே கணக்குத்தான். நேற்று வரை நன்றாக ஓடிய பெட்டி. இன்று அவர் கொடுத்த பேனலை மாட்டினேன், செத்துவிட்டது. கண்ணாடியை உடைத்தேன், அவர் கோபப்படவே இல்லை. எந்த மனுஷன் கோபப்படாமல் இருப்பான்? சிரித்துக்கொண்டே கழுத்தறுத்துவிட்டான் பாவி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சிக்னலில், நாம் எப்படி மாட்டினோம் என்று யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. சிக்னலிலும் நிற்கவில்லை.

திடலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அவளால் கத்த முடியவில்லை. கரண்டியால் வேன் தகட்டைத் தட்டினாள். ரேடியோக்காரர் ஓடி வந்தார். அவரிடமும் ஒரு கோளாறு உண்டு. செத்த சாமானைக் கண்டால் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. பெட்டியின் திருகுகளைக் கழற்றி, கருகிய பலகையை முகர்ந்து பார்த்து, உயிர் வருமா என்று குடைந்ததில் கால் மணி நேரம் போய்விட்டது. நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்தார். பதறிப்போனார். "இருங்கம்மா, என் பெட்டிய எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஓடினார். அவருடைய பெட்டி கட்டிலுக்கு அடியில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. அதைக் கழற்றி, இருபது கிலோவை மார்போடு அணைத்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி அவர் திடலைக் கடக்கும்போது பைக் வந்து சேர்ந்தது.

பட்டாசு கண்டது இதைத்தான்: மனைவி கதவில் சாய்ந்து நீலமாக நிற்கிறாள், அவன் பெட்டி குடல் கிழிந்து படியில் கிடக்கிறது, ரேடியோக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

"டேய்!"

அவர் திரும்பினார். முகத்தில் நிம்மதி வந்தது. நல்லவேளை, ஆள் வந்துவிட்டான், ஒரு கை பிடிப்பான் என்ற நிம்மதி. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. பெட்டி கீழே விழுந்தது, அவர் அதன் மேல் விழுந்தார்.

"என் பொண்டாட்டியக் கொல்லப் பாக்குறியா? சிரிச்சுக்கிட்டே வந்து குடுத்தியேடா!"

அவர் வலது கையைத் தூக்கி மறைத்தார். இரண்டாவது அடி மணிக்கட்டில். மெலிந்த விரல்கள் ஐந்தும் ஐந்து திசையில் மடங்கின. அவர் அலறினார். மூக்கில் உதைத்தான், கண்ணாடி நொறுங்கிக் கன்னத்தில் குத்தியது. மூன்றாவது அடி தலையில். அது அவன் குறி வைத்த அடி இல்லை, அவர் அந்த நேரம் பார்த்து எழ முயன்றார் என்று பிறகு தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டான். தலை அதைக் கேட்குமா? ரத்தம் சிமென்டில் பரவியது.

ஆத்திரம் அப்போதும் தீரவில்லை. "என் பெட்டியக் கொன்னவனுக்குப் பெட்டி ஒரு கேடா?" என்று அந்தப் பெட்டியின் மேல் ஓங்கி ஓங்கிப் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. மூடி பிளந்தது. நான்காவதில் உள்ளே சீறி, வெள்ளைப் புகை கிளம்பியது.

"அவங்களுக்குத்தான்... எடுத்துட்டு வந்தேன்..." ரேடியோக்காரர் வாயிலிருந்து ரத்தமும் பேச்சும் சேர்ந்து வந்தன.

ஸ்பேனர் பாதியில் நின்றது.

"என்ன சொல்ற?"

"மெஷினுக்கு... என் பெட்டி..." ஒரு கண்தான் திறந்தது. அந்தக் கண் கூரையைப் பார்த்தது. "எப்படி... மாட்டினீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான். சேத்து."

"செவப்போட...?"

"கறுப்பு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஐயோ தம்பி" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். "வண்டிச் சாவி... பாக்கெட்ல. அவங்களக் கூட்டிட்டுப் போங்க."

பட்டாசுவும் கூரையைப் பார்த்தான். அந்தப் பேனலை மாட்டியது தன் கை. முறுக்கியது தன் கை. டேப் சுற்றியதும் தன் கை. காப்பாற்ற வந்த ஒரே பெட்டியை உடைத்ததும் அதே கை. கதவில் நின்ற மனைவியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. முதல் அடியிலிருந்தே அவள் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் வர மூச்சு வேண்டுமே.

அவளைத் தூக்கி வெள்ளை வேனில் கிடத்தினான். அவரையும் இழுத்துப் பக்கத்தில் போட்டான். பக்கக் கண்ணாடி இல்லாத வண்டியை, பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமலே, ஹாரனில் கை வைத்தபடி ஓட்டினான். "ஒன்னும் ஆகாது, ஒன்னும் ஆகாது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவள் மூக்கில் குழாய் ஏறியது. பத்து நிமிஷத்தில் உதட்டின் நீலம் இறங்கியது. அவன் சுவரில் சாய்ந்து, குழந்தை மாதிரி அழுதான். பக்கத்துத் திரைக்குப் பின்னால் டாக்டர்கள் வெகுநேரம் பரபரப்பாக இருந்தார்கள். பிறகு பரபரப்பு நின்றது. நர்ஸ் வெளியே வந்து, "அவர் போயிட்டார். சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். யாரும் இல்லை.

அடிபட்டு வந்தவர் செத்தால் ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். நடுத்தர வயதுக் காவலர் ஒருவர் நோட்டோடு வந்தார். "என்ன ஆச்சு?"

பட்டாசுவின் சட்டை முழுக்க ரேடியோக்காரரின் ரத்தம். ஆனால் அவன் நினைத்தது அதை அல்ல. நான் உள்ளே போனால் இவளுக்கு யார்? பேனல் யார் துடைப்பது, மெஷினுக்கு யார் ஊட்டுவது? பொய் தானாக வந்தது. ரொம்பப் பொருத்தமாகவும் வந்தது.

"பெட்டி வெடிச்சிருச்சு சார். பேட்டரிப் பெட்டி. அவரு தூக்கிட்டு வந்தாரு, கையிலயே வெடிச்சிருச்சு. நான்தான் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடியாந்தேன்."

காவலர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். இந்த மாதிரிப் பெட்டிகள் வெடிப்பதை அவரும் கேள்விப்பட்டிருந்தார். போய்ப் பார்த்தாலும் திடலில் கருகிய பெட்டி கிடக்கும். சாட்சிக்கு வேறு ஆள் இல்லை.

"இல்ல."

கட்டிலிலிருந்துதான் வந்தது. அவள் முழங்கை ஊன்றி எழுந்திருந்தாள். "பெட்டி வெடிக்கல. இவர்தான் அடிச்சார். ஸ்பேனரால."

அவள் இத்தனை நீளமாக ஒரே மூச்சில் பேசி அவன் கேட்டு நாலு வருஷம் ஆகியிருக்கும்.

"நீ படு. பேசாத, உனக்கு ஆகாது" என்றான். குரல் கெஞ்சியது.

காவலர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள் போலும். குனிந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. இவர் உள்ள போயிட்டா உங்களப் பாத்துக்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல." அவள் கணவனைப் பார்த்தாள். வெறுப்பு இல்லை, கோபம்கூட இல்லை, அழுகைதான் இருந்தது. "அங்க நிக்கிறப்போ கத்தினேங்க. வேணாம் வேணாம்னு கத்தினேன். சத்தம் வரல. வந்திருந்தா அந்த மனுசன் இருந்திருப்பாரு. இப்ப வருது. இப்பவும் சொல்லலன்னா எனக்கு எதுக்கு இந்த மூச்சு?"

பட்டாசு வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடம் வெடிக்க ஒன்றுமில்லை. "அவ சொல்றது நெசம் சார்" என்றான்.

காவலர் எழுதியதை அடித்துவிட்டுப் புதுப்பக்கம் திருப்பினார். நர்ஸ் வந்து படுக்கச் சொன்னதற்கு அவள் கையைக் காட்டித் தடுத்தாள். காலையில் ரேடியோக்காரர் பேனலைச் சுமந்துகொண்டு வந்ததிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். முடிகிற வரைக்கும் பட்டாசு கட்டில் ஓரத்தில் நின்று, அவள் மூக்குக் குழாய் நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.