இளைக்க வைக்கும் பிஸ்கட்

பிஸ்கட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தார்கள். அவ்வப்போது அவர்கள் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிப்பது, அங்கே டெக்னீஷியனாக இருந்த அவள் வேலை. ஒரு உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண்ணைக் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்பார்கள். இந்த பிஸ்கட்டுக்கு அது எகிறிக் கிடந்தது.

மேலாளர் அலட்டிக்கொள்ளவில்லை. "மாவுல கொழுப்பை அள்ளிக் கொட்டச் சொல்லு. பிஸ்கட் வயித்தை விட்டு மெதுவா நகரும், சர்க்கரையும் மெதுவா ஏறும். நம்பர் தானா இறங்கிடும்."

"கலோரி ஏறிடுமே சார்..."

"அட, நம்ம வாயில்லாப் பூச்சிக்கு வாய் வந்துடுச்சே! கலோரியை யாரும்மா கேட்டா?"

மறு சோதனையில் நம்பர் இறங்கியது. அட்டைப்பெட்டியில் ஒரு ஒல்லி இடுப்பை அச்சடித்து, பக்கத்தில் 'கிளைசெமிக் இண்டெக்ஸ் குறைவு' என்று போட்டார்கள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. விரலில் ஒட்டிய கொழுப்புப் பிசுபிசுப்பு சோப்புப் போட்டும் போகவில்லை. ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டாள். வேலை போய்விடுமே என்ற பயம்.

பிஸ்கட் கடைக்கு வந்தது. வீட்டுக்கும் வந்தது. எடை குறைந்தால்தான் முழங்கால் மூட்டில் கத்தி வைப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்ததால், அண்ணி சாப்பாட்டை விட்டுவிட்டு அதையே தின்றாள். இவள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணி எடை மெஷினில் ஏறி நின்று கத்தினாள். "என்னடி அநியாயம் இது! எலி மாதிரி கொறிக்கிறேன், யானை மாதிரி ஏறுது!"

"எவ்வளவு சாப்பிடுறீங்க அண்ணி?"

"ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், சில நேரம் ரெண்டு. நல்ல பிஸ்கட்டுக்கு அளவு எதுக்கு? நீ டெஸ்ட் பண்ணதாச்சேன்னு கண்ணை மூடிட்டுத் தின்றேன்." சொல்லிக்கொண்டே இன்னொன்றை வாயில் போட்டாள்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கொழுப்பைக் கொட்டிய கதையைத் தலை குனிந்தபடியே சொல்லி முடித்தாள். அண்ணி மெல்லுவதை நிறுத்தினாள். வாயிலிருந்ததைக் கையில் துப்பினாள். உள்ளங்கையில் எச்சிலும் மாவும் நெய்ப்பசையோடு மினுங்கின.

"இவ்வளவும் தெரிஞ்சா பாத்துக்கிட்டு இருந்தே? உன் கண்ணெதிரேதானேடி தின்னேன்? இந்தக் காலை இழுத்துக்கிட்டு நான் இன்னும் எத்தனை நாள் அலையணும்?"

மறுநாள் கம்பெனியில் கடைக்காரர்கள் கூட்டம். "பிஸ்கட்டை டெஸ்ட் பண்ணதே இந்தப் படிச்ச பொண்ணுதான், நீங்களே கேட்டுக்கங்க" என்று மேலாளர் மைக்கை அவள் கையில் திணித்தார். அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"இந்த பிஸ்கட் சர்க்கரையை மெதுவாத்தான் ஏத்தும். உண்மைதான். ஆனா யாரையும் இளைக்க வைக்காது. நம்பரை இறக்கறதுக்காகவே இதுல கொழுப்பைக் கொட்டியிருக்கோம். தின்னா குண்டாத்தான் ஆவாங்க."

"மைக்கைக் குடு! உனக்கு வேலை வேணுமா வேணாமா?" மேலாளர் பல்லைக் கடித்தார்.

அவள் மைக்கை விடவில்லை.

"ஒரு நம்பர் குறைஞ்சிட்டா மட்டும் சாப்பாடு நல்லதாயிடாது. உள்ள என்ன இருக்கு, எவ்வளவு சாப்பிடுறோம், எல்லாத்தையும் பாக்கணும். உண்மையோட பாதியை மறைச்சு விக்கிறதும் ஏமாத்துதான். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்த நானும் அந்த ஏமாத்துக்காரக் கூட்டம்தான்."