பாப்பாத்தி வாங்கிய கூறு

துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே மாட்டுக்கு விலை பேசிய குடும்பம் எங்களுடையது. அதனால் பேரம் பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. இரண்டு பேர் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால், கள்ளக்குறிச்சி பஸ் போனால் போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அப்படி உட்கார்ந்து நான் பார்த்த பேரங்களில் பெரியது, எண்பதுகளில், கல்வராயன் மலையில், ஓர் ஆட்டுக்கறிக் கூறுக்காக நடந்தது. இரண்டு பக்கமும் தராசாக வைத்துக்கொண்டது ஒரே பைபிளை.

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகிற ஊர் அது. கடுக்காயும் புளியும் வாங்கப் போவேன். ஊர்ச் சரக்கெல்லாம் பாப்பாத்தி வீட்டில் வந்து சேரும். புருஷனை இழந்தவள், ஒரே மகள் கமலா. என்னிடமே விலை பேசி ஜெயிக்கிறவள் என்பதால் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு. அந்தத் தடவை நான் போனபோது கமலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பாப்பாத்தி முகத்தில் மட்டும் களை இல்லை.

காரணம் மாரியம்மன் திருவிழா. அந்த ஊரில் அம்மனுக்கு வெட்டும் ஆட்டைத் தேக்கிலையில் கூறு போட்டு, ஊர்க்கவுண்டர் ஆதிமூலம் வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வந்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கினவன் ஊர்க்காரன். வாங்காதவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட ஆள் வராது. சாவுக்குத் தோள் கொடுக்கவும் ஆள் வராது. பாப்பாத்தி மாதிரிக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பங்களும் அதுவரை வாங்கிக்கொண்டுதான் இருந்தன. மிஷன் கோயில் உபதேசியார் ராஜாங்கமே வாங்கி, ஜெபம் பண்ணி, மிளகு தூக்கலாகக் குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிடுகிறவர்.

ஆனால் மாப்பிள்ளை வேடியப்பன் கைதட்டிப் பாடுகிற, புதிதாக வந்த ஜெபவீட்டைச் சேர்ந்தவன். ஞானஸ்நானத்தில் அவனுக்கு வேறு பேர் வைத்தார்கள். அவன் அம்மாவே அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஜெபவீட்டுப் பாஸ்டர் தங்கமணி கறாராகச் சொல்லிவிட்டார்: கூறு வாங்குகிற வீட்டில் கல்யாணம் நடத்த மாட்டேன். வாங்கினால் மாப்பிள்ளை இல்லை, வாங்காவிட்டால் ஊர் இல்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், பாப்பாத்தி ராஜாங்கத்தையும் தங்கமணியையும் மிஷன் கோயில் பலாமரத்தடிக்கு வரச் சொல்லியிருந்தாள். தன் பாட்டுக்குப் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் என் கோணிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

“அண்ணா, பேய்ங்களோட பந்தியிலயும் ஒக்காந்துகினு கர்த்தரோட பந்தியிலயும் ஒக்கார முடியாதுன்னு பவுல் சொல்லிகிறாரா இல்லியா?” என்று ஆரம்பித்தார் தங்கமணி.

“சொல்லிகிறாரு. அது கொரிந்தியருக்கு எழுதுன மொத நிருபம், பத்தாம் அதிகாரம். எட்டத் தாண்டிகினு பத்துக்கு எதுக்குப் போற? எட்டுல விக்கிரகம் ஒண்ணுமே இல்லன்றாரு. ஒண்ணுமில்லாததுக்குக் குடுத்த ஆடு எப்டிப்பா கெடும்? உன் பத்துலயே, கறிக்கடையில விக்கிறத விசாரிக்காம வாங்கித் துன்னுன்னும் கீது” என்றார் ராஜாங்கம்.

“அப்ப பவுல் சந்தைக்குப் போய் வந்தவருதான்” என்றேன். “எங்க ஊர்ல ஆட்டோட பூர்வீகத்தக் கேட்டா கடைக்காரன் கத்தியத் தூக்குவான்.”

“யாவாரி, நீங்க கம்முனு இருங்க” என்றாள் பாப்பாத்தி.

ராஜாங்கம் விடவில்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். தங்கமணி ஒரு வசனம் போட்டால் இவர் அதற்கு மேல் ஒன்று போட்டார். கடைசியில் தங்கமணியிடம் வசனம் தீர்ந்துபோயிற்று. தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒனக்கு மனசு எடம் குடுக்கலன்னா நீ துன்னாத. இவள ஏன் தடுக்கற?” என்றார் ராஜாங்கம்.

தங்கமணி தணிந்த குரலில் சொன்னார். “உங்களுக்கு அது வெறும் கறிண்ணா. நான் அந்தக் கோயில்ல சாமியாடினவன். அந்தக் கொழம்பு வாசன வந்தா எனக்குச் சாராய வாசனையும் கூடவே வருது. எங்கூட ஜெபம் பண்றவங்கள்ல பாதிப் பேரு அப்டி வந்தவங்கதான். இது சரின்னு நான் வாய் தொறந்து சொல்லிட்டா, அவங்க பழைய எடத்துக்கே போய் வுழுந்துருவாங்க. அதான் எனக்கு பயம். வசனம் எனக்கு உங்க அளவுக்குத் தெரியாது.”

ராஜாங்கம் எட்டாம் அதிகாரத்தையே மறுபடி எடுத்தார். அதன் கடைசி வரிகளில் விரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். தான் சாப்பிடுகிற கறி தம்பியை இடறி விழவைக்குமானால் என்றைக்குமே கறி தின்னமாட்டேன் என்று பவுல் எழுதியிருந்தார். ராஜாங்கம் அதை அன்றைக்குத்தான் படித்தவர் அல்ல. எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருப்பார். ஆனால் அந்தத் தம்பி எதிரில் வந்து உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

புத்தகத்தை மூடினார். “தம்பி, இனிமே அந்தக் கறிய நான் துன்னல. எங்க சபைக்கும் சொல்லிடறேன். கூறே வாங்க வாணாம்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜெயித்த பிறகு விலையைக் குறைத்தவனை எங்கள் குலத்தில் பைத்தியம் என்போம். அன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

தங்கமணி பதறிவிட்டார். “ஐயோ, அப்டிச் செஞ்சா ஊரு உங்களத் தள்ளி வெச்சிரும்ணா! நீங்க வாங்குங்க. அக்காவும் வாங்கட்டும். கல்யாணத்த நான் நடத்தித் தரேன்.”

“அதெப்டி? உங்க ஆளுங்க வுழுந்துட்டா?”

“விக்கிரகம் ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீங்க?”

“ரெண்டு பந்தி ஆவாதுன்னு நீதான சொன்ன?”

விற்கிறவன் விலையை இறக்கிக்கொண்டே வர, வாங்குகிறவன் ஏற்றிக்கொண்டே போய், நடுவில் சந்திக்காமல் ஒருவரை ஒருவர் தாண்டிப் போன பேரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இப்போது அவர் வசனத்தை இவரும் இவர் வசனத்தை அவரும் சொல்லிச் சண்டை போட்டார்கள்.

பாப்பாத்தி புளிக்கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்தது போதும், என் பொண்ணு வூட்லயே கெடந்துருவா. கவுண்டரு இன்னா கேக்குறாரு? கை நீட்டி வாங்குன்றாரு. பாஸ்டரய்யா இன்னா கேக்குறாரு? துன்னாதன்றாரு. வாங்கறதும் துன்றதும் ஒரே வேலையா? நான் வாங்குறேன். துன்னல. கவுண்டரு ஒத்துக்கினா சரி. ஒத்துக்கலன்னா நான் பாத்துக்கறேன்.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். ஒத்துக்கொள்வாரா என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒருத்தரும் அதுவரை செய்ததில்லை.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் அம்மன் கோயில் முன்னால் ஆதிமூலம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாப்பாத்தி போய் இரண்டு கையாலும் தேக்கிலையை வாங்கினாள். திரும்பி நடந்து, கைக்குழந்தையோடு நின்ற பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணுவிடம் அப்படியே கொடுத்தாள். ஆதிமூலம் அவளை நிறுத்தினார்.

“இன்னா பாப்பாத்தி, அம்மன் கறி கசக்குதா?”

“கசக்கல கவுண்டரே. ஊரு குடுத்துச்சி, வாங்கிக்கினேன். என் சாமிக்கு நான் குடுத்த வாக்கு, துன்னல. பச்ச ஒடம்புக்காரி, இவ துன்னட்டும். இதுல நான் ஊர வுட்டுப் போய்ட்டனா, நீங்களே சொல்லுங்க.”

ஆதிமூலம் மீசையைத் தடவினார். பெரிய மனுஷர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. சின்னக்கண்ணு கையிலிருந்த இலையைப் பார்த்தார்.

“வாங்குனாளா? வாங்குனா. எல்லாரும் பாத்தாங்க” என்றார். “அடுத்த வூடு, ராஜாங்கம்!”

ராஜாங்கமும் வாங்கினார். வேதத்துக்கு வராத தன் அண்ணன் மகனிடம் நீட்டினார். நீட்டின பிறகும் இலையை விடுவதற்கு அவர் கைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பந்தல்கால் நட ஊரே வந்தது. ஆனால் கல்யாணம் நடத்தித் தர ஒப்புக்கொண்டது தங்கமணிக்குச் சும்மா போகவில்லை. வாங்குவதே பாவம் என்று அவர் சபையில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். மலைக்குக் கீழேயிருந்து வந்த பெரிய பாஸ்டர் ஒருவர் அவரை எல்லார் முன்னாலும் வைதுவிட்டுப் போனார். அவர் எதிர்த்துப் பேசவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் இல்லை.

கல்யாணத்தன்று ஜெபவீட்டில் பாதிப் பாய் காலியாகக் கிடந்தது. தங்கமணி அதைப் பார்க்காத மாதிரி நின்றார். கமலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது வாசலில் செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. ராஜாங்கம் மிஷன் சபையை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு வந்து, காலியான பாய்களில் உட்காரவைத்து, தானும் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. வாத்தியமில்லாமல் நின்றுகொண்டு பாடிப் பழகின அந்த மிஷன்காரர்கள், தாளம் தப்பித் தப்பிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.