சாமந்திக்கு வந்த முயல்

“கிளியம்மா! கொஞ்சம் இங்க வந்து பாருங்க. வந்து பாருங்கன்னா!”

காலை ஆறரை மணிக்கு சரோஜினி டீச்சர் போட்ட சத்தத்தில், பீர்க்கன்கரணை ஏரியில் இருந்த கொக்குகள்கூட ஒரு தரம் எழும்பி உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள், தூக்கிய சாணிக் கூடையோடு அப்படியே இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“இன்னா டீச்சரம்மா, பாம்பா?”

“பாம்பு வந்திருந்தாக்கூட பரவாயில்லை. உங்க ஆடு வந்திருக்கு.”

தோட்டத்தில் பன்னிரண்டு சாமந்திச் செடிகள். ஒரு சாண் உயரம் வந்து, இப்போதுதான் தலைநிமிர்ந்திருந்தன. அதில் ஐந்துக்கு இன்று தலையே இல்லை. அடியில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை கிடந்தது.

“எங்க ஆடு கட்டிதானே கீது. கவுறு அவுக்கவே இல்லியே.”

“அப்போ இந்தப் புழுக்கை வானத்துல இருந்து விழுந்துச்சா? மனையை வித்து அஞ்சு வருஷம் ஆச்சு கிளியம்மா. இன்னமும் உங்க நிலம்னு நினைச்சு மேய விட்டா எப்படி?”

சொல்லி முடித்ததுமே சரோஜினிக்கு நாக்கு சுட்டது. கிளியம்மாள் சாதாரணமாக ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள். அன்றைக்குத் தெருவின் கடைசி வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள். அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவள் புருஷன் தசரதன் நெல் போட்ட நிலம். அவர் போன பிறகு மனை மனையாகப் போய், மிச்சம் இருந்தது ஓட்டு வீடும் கிணறும் இரண்டு ஆடும்தான். அவள் சாணிக் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள்.

உள்ளே ஜன்னலோரம் அவள் கணவர் எட்மண்ட் உட்கார்ந்திருந்தார். “யா...ரு, சரோ?” என்றார். வார்த்தை வழுக்கி வழுக்கி வந்தது.

“ஒண்ணுமில்லைங்க. நீங்க காப்பி குடிங்க.”

அந்த எண்பத்தெட்டாம் வருஷப் பொங்கல் கழிந்து, தாம்பரம் ஸ்டேஷனில் ஆபீஸ் ரயிலுக்கு நின்றிருந்த மனுஷர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. உயிர் தப்பியது, நடை பாதி திரும்பியது, பேச்சும் முக்காலுக்கு வந்துவிட்டது. ஆனால் வந்த பேச்சை வெளியே எடுக்கத்தான் அவருக்கு மனமில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காது கேட்காதவரிடம் பேசுவது போல அவரிடம் கத்தினார்கள். பாஸ்டர் ஐயாகூடக் கத்தித்தான் ஜெபம் பண்ணினார். அதிலிருந்து வாசல் பக்கமே வராமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கேட்டால், “தூக்கம்” என்பார். நான்கு மாதம் என்ன தூக்கம்?

ஜூன் மாதம் ஆபீஸ் சிநேகிதர் ராஜகோபால் ஒரு கோணிப்பை நிறையச் சாமந்திப் பக்கக்கன்றுகளோடு வந்தார். “எட்மண்ட், இது ஒரு தரம் வேர் புடிச்சா பக்கத்துல கன்னு விட்டு வருஷா வருஷம் பூக்கும். நீ கையால மண்ணைப் பிசை, கை தானா திரும்பும்” என்று போட்டுவிட்டுப் போனார். என்ன மாயமோ, மறுநாள் எட்மண்ட் எழுந்து தோட்டத்துக்கு வந்தார். இடது கையால் குழி பறித்து, வலது கையால் மண்ணைத் தள்ளி, பன்னிரண்டு கன்றும் அவரே வைத்தார்.

ஆகவே சரோஜினிக்கு அவை வெறும் செடிகள் அல்ல. அவை நின்றால் இவர் நிற்பார். அவை போனால் மறுபடி கட்டில், மறுபடி சுவர். அந்தப் பயத்தில்தான் அன்று வாய் அப்படி நீண்டுவிட்டது.

மூன்று நாள் கிளியம்மாள் ஆடுகளைக் கொட்டகைக்குள்ளேயே அடைத்துவைத்தாள். அந்த மூன்று நாளும் செடி கடிபட்டது.

நான்காம் நாள் விடியற்காலை எட்மண்ட் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், “சரோ! சரோ!” என்று ரகசியமாக ஒரு கூப்பாடு. அவள் ஓடி வந்து பார்த்தபோது, பின்பக்க முள்வேலியின் அடியில் பழுப்பாக ஒன்று நுழைந்து மறைந்தது. இரண்டு நீளக் காதுகள்தான் கண்ணில் பட்டன.

“மு...யல்!” எட்மண்ட் முகம் முழுக்கச் சிரிப்பு. “மலைப் பக்கத்துப் பொதர்ல இருந்து வருது. காது பாத்தியா? எவ்வளவு நீ...ளம்!”

எட்டு மாதம் கழித்து அவர் ஒரு மூச்சில் அத்தனை வார்த்தை பேசினார். சரோஜினிக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், நெஞ்சில் முள் ஒரு பக்கம். ‘அப்போ ஆடு இல்லை.’

போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஆனால் முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற முதுகு, அத்தனை சுலபமாக வளையவில்லை. தினமும் நாலு குடம் செடிக்கு இறைத்து வந்த கிளியம்மாளின் கிணற்றுப் பக்கமும் அவள் போகவில்லை. ‘நம்ம வீட்டுக் கைப்பம்பு இருக்கே’ என்று அதிலேயே அடித்து ஊற்றினாள். சோப்பு போட்டால் நுரைக்காத தண்ணீர் அது.

இதற்குள் எட்மண்டுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. முன்பு இரண்டு வீடும் நல்லபடியாக இருந்த நாளில் கிளியம்மாள் சுவரோரம் நின்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது: ‘மீன் கழுவின தண்ணி ஊத்து சார். செடிக்கும் சத்து, அந்த நாத்தத்துக்கு ஒண்ணும் கிட்ட வராது.’ வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் சரோஜினி நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் வாங்கி வந்திருந்தாள். அவள் அதை ஊறவைத்து அலசிக் கொட்டப்போன தண்ணீரை எட்மண்ட் ஒரு வாளியில் பிடித்துவைத்துக்கொண்டார். மீன் என்ன, கருவாடு என்ன! கருவாட்டுக்கு நாற்றம் இன்னும் ஜாஸ்தி அல்லவா? அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், நான்கு நாள், செடிக்கு ஒரு குவளை வீதம் தன் கையாலேயே ஊற்றினார். முயல் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஐந்தாம் நாள் இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியது போலக் கருகியது. ஏழாம் நாள் பன்னிரண்டு செடியும் தலை தொங்கிவிட்டன.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வராந்தா நாற்காலி காலியாக இருந்தது. எட்மண்ட் கட்டிலில், சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

“என்னங்க?”

“நானே கொன்...னுட்டேன், சரோ.”

“செடிதானே? வேற வாங்கினா போச்சு.”

“வேண்டாம். எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

அவ்வளவுதான். ராத்திரி கஞ்சி தொடவில்லை. காலையில் பல் விளக்க எழுந்திருக்கவில்லை. சரோஜினி கைப்பையை ஆணியில் திரும்ப மாட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு கிளியம்மாள் வாசலுக்குப் போய் நின்றாள்.

கிளியம்மாள் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கிளியம்மா.”

“யாரு? டீச்சரம்மாவா? இன்னா இந்தப் பக்கம்? இது எங்க நெலம்மா. பாத்துகினு மிதி.”

“நான் பேசினது தப்பு. அது உங்க ஆடு இல்லை. முயல்.”

“ஓகோ. ஆடு வந்து சாட்சி சொல்லிச்சா?”

“அவர் கண்ணால பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்து பத்து நாள் ஆச்சு. வந்து சொல்ல எனக்கு வாய் வரலை.”

“திட்டறப்ப மட்டும் வாய் வந்துச்சா?”

“வந்துச்சு” என்றாள் சரோஜினி. “செடியெல்லாம் கருகிடுச்சு கிளியம்மா. அவர் மறுபடி படுத்துட்டார்.”

தழை ஒடித்த கை நின்றது. கிளியம்மாள் எழுந்து முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? வா.”

தோட்டத்தில் அவள் குனிந்து, பழைய கடி ஒன்றை விரலால் திருப்பிப் பார்த்தாள். “பாரு. கத்திரி வெச்ச மாதிரி சாய்வா வெட்டிக்கீது. ஆடு இருந்தா புடிச்சு இழுத்துப் பிச்சிருக்கும், பாதி வேரோட வந்திருக்கும். இந்தப் புழுக்கையப் பாரு, நசுக்கினா வெறும் வைக்கத் தூளு. பத்தாங் கிளாஸு பசங்களுக்கு நீ இன்னாதான் சொல்லிக் குடுத்தியோ!”

பிறகு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

“தூ! உப்பு கரிக்குது. இன்னா ஊத்தினீங்க?”

சரோஜினி கருவாட்டுத் தண்ணீர்க் கதையைச் சொன்னாள். கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பச்சை மீன் கழுவின தண்ணி சொன்னா, கருவாட்டுத் தண்ணியா? சரி, நாலு குவளைக்கு இவ்ளோ உப்பு வராதே. குடிக்கிற தண்ணிதானே தெனம் ஊத்தினே?”

சரோஜினி தலை குனிந்தாள். “உங்க கிணத்துக்கு வரலை. பம்புத் தண்ணிதான்.”

“அப்படிச் சொல்லு. கருவாடு பாதி, உன் ரோஷம் பாதி. ரெண்டும் சேந்து வேரை அவிச்சிருச்சு.” செடியின் அடித்தண்டை நகத்தால் லேசாகக் கீறினாள். உள்ளே பச்சை தெரிந்தது. “உசிரு கீது. உப்பைக் கீழ எறக்கணும். செடிக்கு மூணு குடம் வீதம் நல்ல தண்ணி, மூணு நாளு. தண்ணி தேங்காம ஓடறதுக்கு வாய்க்கா வெட்டணும். வெயிலுக்கு மேல கீத்து போடு. எங்க கெணத்துல தண்ணி அடிமட்டத்துல கீது, ஆனாலும் தாங்கும். இறைக்கத்தான் ஆளு வேணும்.”

சரோஜினி உள்ளே போனாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, நீங்க மட்டும் கொல்லலை. பாதி நான்தான்.”

சுவரைப் பார்த்த முகம் அசையவில்லை.

“கிளியம்மாகிட்ட மூஞ்சி கொடுக்க முடியாம உப்புத் தண்ணியா ஊத்தியிருக்கேன். உங்க கருவாடு நாலு குவளை. என்னோடது எத்தனையோ குடம். இப்போ போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்.”

எட்மண்ட் மெதுவாகத் திரும்பினார். “நீயா? மன்...னிப்பா?”

“ஆமா.”

“நா பாக்கலையே!” என்றார். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது.

அதற்குள் ஜன்னல் கம்பிக்கு வெளியே கிளியம்மாள் குரல், மற்றவர்களைப் போலக் கத்தாமல், எப்போதும் பேசுகிற அளவிலேயே வந்தது: “சாரு, படுத்துகினு இன்னா பண்ற? உம் பொண்டாட்டி தண்ணி இறைக்கிற அழகுக்குக் கவுறு கெணத்துல வுழுந்துரும். வாய்க்கா யாரு வெட்டறது? எனக்கு இடுப்பு போச்சு.”

அவர் எழுந்தார். உடனே துள்ளி எழுந்தார் என்று சொன்னால் பொய். அரை மணி நேரம் ஆனது, சுவரைப் பிடித்து, தூணைப் பிடித்து. வந்து தரையில் உட்கார்ந்து களைக்கொத்தால் வாய்க்கால் இழுத்தார். அது கோணலாகப் போனது. கோணலான வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காக ஓடியது.

மூன்று நாள் மூன்று பேரும் அதே வேலையாகக் கிடந்தார்கள். கருகிய இலைகளை எல்லாம் சரோஜினி கத்தரித்து எடுத்தாள். எட்டாம் நாள் கணுவில் கடுகளவு பச்சை வந்தது. கிளியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “முயலு கடிச்ச எடத்துலதான் மொதல்ல தழையுது பாத்தியா. சாமந்தியக் கிள்ளி வுட்டாதான் கெளைக்கும். அது கூலி வாங்காம கிள்ளிட்டுப் போயிருக்கு” என்றாள்.

“அதுக்காக மறுபடி வந்து கிள்ளணுமா?” என்றாள் சரோஜினி.

“வராம இருக்குமா? எளந்தழையாச்சே.”

கிளியம்மாள் கொட்டகைப் பரணிலிருந்து மூங்கில் கூடைகளை இறக்கினாள். கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற கூடைகள். போன வருஷம் கோழிச்சீக்கில் எல்லாம் போன பிறகு சும்மாக் கிடந்தவை. ஒன்பதுதான் தேறின. பாக்கி மூன்று செடிக்கு ஓட்டை வாளிகள்.

“அந்தி சாயறப்ப கவுக்கணும். பொழுது விடிஞ்சா தூக்கணும். மேல ஒரு அரைச் செங்கல்லு வெக்கணும், இல்லாங்காட்டி மூக்கால தள்ளிட்டு உள்ள பூந்துரும். மறந்தீங்கன்னா நான் பொறுப்பு இல்ல.”

அது எட்மண்ட் வேலை ஆனது. கூடை இடது கைக்கு, செங்கல் வலது கைக்கு. முதல் வாரம் செங்கல் விழாத நாள் இல்லை. ஒரு தரம் அவர் கால் பெருவிரலிலேயே விழுந்தது. சரோஜினி ஓடிவந்து, “நான் வைக்கிறேன், விடுங்க” என்றாள். “போ அந்தாண்ட” என்றார். ஐப்பசி மழை பிடித்தபோது குடை ஒரு கையில் என்றானதால், கூடையையும் வலது கையாலேயே தூக்க வேண்டி வந்தது. அதுவும் நடந்தது.

முயல் வராமல் இல்லை. விடியலில் கூடைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து, மோந்து பார்த்துவிட்டு, வேலியோரத்து அறுகம்புல்லைக் கடித்துக்கொண்டு போகும். எட்மண்ட் அதற்காகவே ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கையில் பன்னிரண்டு செடியும் மஞ்சளாகப் பூத்தன. கிளை வைத்து, கூடைக்குள் அடங்காமல் பக்கவாட்டில் சரிந்தன. “வெட்டி ஆலயத்துக்குக் கொடுத்தனுப்பலாமா?” என்று சரோஜினி கேட்டதற்கு, “நானே எடுத்துட்டுப் போறேன்” என்றார். அவர் ஆலயத்துக்கு வரப்போகிறார் என்பதையே அவள் அப்போதுதான் கேள்விப்பட்டாள். ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அடுப்பங்கரைக்குப் போய்ப் பலகாரத்துக்கு மாவு சலித்தாள்.

அப்போதுதான் வெளியே ஒரு குரல் எழுந்தது.

“கிளியம்மா! ஏ கிளியம்மா! இங்க வந்து பாரு! உன் ஆடு! உன் ஆட்டைப் புடி!”

சரோஜினி சல்லடையைப் போட்டுவிட்டு ஓடினாள். தோட்டத்துக்கு நடுவில் கிளியம்மாளின் கறுப்பாடு, வாயில் மஞ்சள் பூவோடு, கழுத்தில் அறுந்த கயிறோடு நின்றிருந்தது. எட்மண்ட் வலது கையில் அரைச் செங்கல்லை ஓங்கியபடி அதற்கு எதிரே நின்றிருந்தார். தெருவில் சைக்கிளில் போனவர் இறங்கிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். ஒரு எழுத்துகூட வழுக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கிளியம்மாள் வந்து நின்றாள். இடுப்பில் கை.

“சும்மா பழி போடாத சாரு. சாய்வா வெட்டிக்கீதா, பிச்சிக்கீதா? நல்லாப் பாத்துட்டுச் சொல்லு.”

எட்மண்ட் குனிந்து செடியைப் பார்த்தார்.

“பிச்சிருக்கு!” என்று கத்தினார். “வேரோட பிச்சிருக்கு!”

“அப்போ அது என் ஆடுதான்” என்றாள் கிளியம்மாள்.